மணவூர் நிலமும் மெஷின் கம்பெனிப் பங்கும்

இப்போதெல்லாம் திருத்தணியில் டீக்கடைக்குப் போனால்கூட நிம்மதியாக நிற்க முடிவதில்லை. யாராவது ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சார், இந்த சிப்பு செய்யற மெஷின் கம்பெனி ஷேர் வாங்கலாங்களா? நீங்க சிங்கப்பூர்ல அதுலதானே இருந்தீங்க?" என்று கேட்கிறார். பேங்கில் வேலை பார்ப்பவர், பூக்கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். "ஆள் அழுத்தக்காரரு, வாயத் தொறக்க மாட்டாரு" என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பங்குகளைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் இன்று சொந்த நிலத்தில் இருந்திருப்பார்கள்.

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. பாவாவின் குடும்பம் பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். கல்யாணமான இரண்டாம் வருடம் ஏஜென்டுக்குப் பணம் கட்டி சிங்கப்பூருக்குப் போய், கப்பல் பட்டறையில் சேர்ந்தார். கப்பலின் அடிப்பாகத்துக்குள் இறங்கித் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னையும் அங்கே வரவழைத்தவர் அவர்தான். அவருக்குக் கிடைத்தது வெயிலும் துருவும். எனக்குக் கிடைத்தது குளிரூட்டிய தொழிற்சாலையும் வெள்ளைக் கோட்டும்.

எங்கள் தொழிற்சாலையில் சிப்பை அதன் கறுப்பு உறைக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள். மூடுவதற்கு முன் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பை அதன் கால்களோடு இணைக்க வேண்டும். அதைச் செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கை தொட்டால் கெட்டுப்போகிற அளவுக்கு நுணுக்கமான வேலையை அந்த இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். முதல் ஆறு மாதம் பிரமித்துப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் பிரமிப்பு போய் கர்வம் வந்தது. இயந்திரத்தின் வயிற்றைப் பிரித்துப் பார்த்தவனுக்கு அதை விற்கும் கம்பெனியின் வருங்காலமும் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கையில் சேர்ந்த கொஞ்சப் பணத்தில் அந்த இயந்திரக் கம்பெனிகளின் பங்கை வாங்க ஆரம்பித்தேன். அமெரிக்கச் சந்தையில் விற்கிற பங்குகள். சிங்கப்பூரில் ஒரு தரகரிடம் போனில் சொன்னால் வாங்கித் தருவார். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சிப் செய்கிறவனுக்கு லாபம் வருமோ நஷ்டம் வருமோ, அவனுக்கு இயந்திரம் விற்கிறவன் முன்னாலேயே காசை வாங்கிவிடுவான், அதனால் அவன் கைக்கு ஆபத்து வராது. கேன்டீனில் சாப்பிட உட்காரும் ஒவ்வொருவரிடமும் இதை விளக்கியிருக்கிறேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் சாப்பிட வந்தவர்கள்.

பாவாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் செரங்கூன் சாலையில் சந்திப்போம். பாவாவுக்குப் பேச்சு ஒன்றே ஒன்றுதான், மணவூர் நிலம். மணவூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, வரப்போரம் ஆறு பனைமரம். நிலத்துக்காரர் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டவர். விலை பேசி முடித்து, பாவா அச்சாரமும் கொடுத்துவிட்டார். தை மாதம் முடிவதற்குள் மீதிப் பணம் கொடுத்துப் பத்திரம் போட வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை நிலத்துக்காரனாக ஊருக்குத் திரும்புவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பாவா அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவே மாட்டார். கிணற்றின் ஆழத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

தொண்ணூற்றேழாம் வருடம் ஜூன் மாதம் அவர் கையில் நிலத்துக்கான பணம் சரியாகச் சேர்ந்துவிட்டது.

"மச்சான், கெணத்துல தண்ணி கீது. மோட்டாருதான் இல்ல. மோட்டார் காசு மட்டும் சேர்ந்துச்சினா வேலை பெர்மிட் முடியறப்ப ஊருக்குப் போயிடுவேன். இனிமே இந்தத் துரு வாணாம்" என்றார்.

தை மாதத்துக்கு ஏழு மாதம் இருந்தது. பணம் பேங்கில் சும்மாதானே கிடக்கிறது, என்னிடம் கொடுங்கள், மோட்டாரை அந்தப் பங்கிலிருந்தே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். கேட்டவர் அவரில்லை, சொன்னவன் நான். இதை மாற்றிச் சொல்ல எத்தனையோ முறை மனது முயன்று பார்த்திருக்கிறது.

அவர் ஒரு வாரம் யோசித்தார். அடுத்த ஞாயிறு, "உனுக்குத் தெரியாதது எனுக்கு இன்னா தெரியப் போவுது. நீ படிச்சவன்" என்று சொல்லி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்.

ஜூலையில் தாய்லாந்துப் பணம் விழுந்தது. அடுத்து மலேசியா, இந்தோனேசியா. பேப்பரைப் பிரித்தால் இதேதான். பாவா பயந்து போய் போன் செய்தார். தாய்லாந்துப் பணத்துக்கும் அமெரிக்க இயந்திரக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். நான் சொன்னது போலவே பங்கு விலை அந்த மாதமும் அடுத்த மாதமும் ஏறியது. ஆகஸ்டு கடைசியில் மோட்டாருக்கான பணத்தைத் தாண்டிவிட்டது. பாவாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

"மோட்டாரு வந்துடுச்சி இல்ல மச்சான்? எட்துடு. போதும்."

"இருங்க பாவா. மோட்டார் ரூம் கட்ட வேணாமா? பைப் போட வேணாமா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் இப்போது அந்த இடத்தில் நின்று என்னை நானே நாலு அறை அறையலாம் என்று நினைப்பதுண்டு.

அடுத்து வருவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. செப்டம்பரில் எங்கள் தொழிற்சாலைக்குப் புது இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. வழக்கமாகப் பெட்டி வந்த அன்றைக்கே பிரித்தாக வேண்டும். சூப்பர்வைசர் தலைமேல் நின்று கத்துவார். அந்த முறை பதினொரு பெட்டிகளும் இறக்கிய இடத்திலேயே சுவரோரம் கிடந்தன. ஒரு வாரம், இரண்டு வாரம். பிரிக்கட்டுமா என்று போய்க் கேட்டேன். "இப்போது வேண்டாம், இருக்கிற இயந்திரத்துக்கே வேலை குறையப் போகிறது" என்றார்கள். அடுத்து வரவேண்டிய பெட்டிகளை வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம். இயந்திரக் கம்பெனியிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த என்ஜினியர் ஒருவர் இருந்தார், தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுபவர். அவரையும் ஊருக்குத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். போகும்போது, கொரியாவிலும் இதே கதைதான், எவனும் வாங்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன சொல்ல வேண்டும்? காசு தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்துவது புது இயந்திரம் வாங்குவதைத்தான். என் கணக்கு தலைகீழ் என்பது அந்தப் பெட்டிகளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சந்தைக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே தரகருக்கு ஒரு போன் செய்திருந்தால் நிலமும் வந்திருக்கும், மோட்டாரும் வந்திருக்கும். நான் செய்யவில்லை. கேன்டீனில் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவன், பாவாவிடம் மோட்டார் ரூம் வரைக்கும் பேசியவன், நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அக்டோபரில் பங்கு விழுந்தது. அதன் பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.  நவம்பரில் பாவாவின் பெர்மிட் முடிந்தது. வேலை குறைந்துவிட்டதால் பட்டறையில் புதுப்பித்துத் தரவில்லை. கையில் ஒரு பையும் அக்காவுக்கு ஒரு புடவையுமாக ஊருக்குப் போனார். பத்திரம் போடும்போது நான் வருகிறேன் என்று விமான நிலையத்தில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்துகினு வந்துடு மச்சான்" என்றார். பணத்தை என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

கார்த்திகை மாதத்தில் பதினைந்து நாள் லீவு போட்டு நானும் வந்தேன். அப்போது போட்ட பணத்தில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தால் நிலத்தை வாங்கிவிடலாம். மோட்டார்தான் இருக்காது. அக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாள். விற்கச் சொல்லி நான் ஒரு போன் செய்ய வேண்டியதுதான் பாக்கி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டுக்குப் பேசுகிற பூத் இருந்தது.

நான் மறுத்தேன். இப்போது விற்றால் நஷ்டம் நிஜமாகிவிடும், வைத்திருந்தால் திரும்பி வந்துவிடும், நிலத்துக்காரரிடம் மூன்று மாதம் தவணை கேளுங்கள் என்றேன். குரலை உயர்த்தி, கையை ஆட்டி, கொரியா, ஜப்பான், டாலர் என்று என்னென்னவோ பேசினேன். பாவா முதல் முறையாக என்னிடம் கோபப்பட்டார்.

"எனுக்கு உன் கொரியாவும் வாணாம் ஜப்பானும் வாணாம். என் நெலத்த எனுக்கு வாங்கிக் குடு, போதும்."

அக்கா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இப்படி இழுபறியாக நிற்கும்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, பூ கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி காகிதத்தில் மடித்துக் கட்டி, மலைமேல் சாமி பாதத்தில் வைத்து வாங்கி, காரியம் யாருடையதோ அவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட வேண்டும். பெண் கொடுக்கலாமா, ஆபரேஷன் செய்யலாமா, வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

"சண்ட போட்டுகினு இருந்தா ஆவாது. நாளைக்கி மலைக்குப் போயி கேட்டுக்கலாம்" என்றாள் அக்கா. வெள்ளை வந்தால் பங்கை வைத்திருப்பது, சிவப்பு வந்தால் அன்றைக்கே விற்றுவிடுவது. பாவா உடனே ஒத்துக்கொண்டார். சாமி தன் பக்கம்தான் பேசும் என்று அவருக்கு நம்பிக்கை.

மறுநாள் காலை படியேறிப் போனோம். பாவா நாலு படிக்கு ஒரு முறை குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வந்தார். மேலே அக்காவும் அவரும் வரிசையில் நிற்கப் போனார்கள். பூ வாங்கிக் கட்டிக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் காகிதத்தில் வெள்ளையை வைத்து மடித்தேன். இரண்டாவது காகிதத்தில் செவ்வரளியை வைத்தேன். அதை எடுத்துவிட்டு மறுபடியும் நந்தியாவட்டையை வைத்தேன்.

நான் திட்டம் போட்டு மலை ஏறவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதால் பெரிதாக ஒன்றும் குறையப் போவதில்லை என்றாலும் சொல்கிறேன். அந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, ஒருவேளை சிவப்பு வந்துவிட்டால் பூத்தில் போய் நின்று தரகரிடம் விற்கச் சொல்ல வேண்டுமே, அந்த நஷ்டத்தை அவர் போனில் வாய்விட்டுச் சொல்வாரே என்ற நினைப்பு வந்தது. அந்த ஒரு போன் செய்யக் கூசி, சாமியை ஏமாற்றத் துணிந்தேன்.  நூலைச் சுற்றுவதற்குள் இரண்டு முறை அறுந்துவிட்டது.

தட்டில் வைத்த பொட்டலங்கள் சாமி பாதத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கையை நீட்டி, ஒன்றைத் தொட்டு, அதை விட்டு, மற்றதை எடுத்தாள். அவ்வளவு கவனமாக எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள். பிரித்தாள். வெள்ளை.  பாவா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, அவரே சொல்லிட்டாரு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எடுக்காத பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் குளத்தில் போட்டேன்.

நான் சிங்கப்பூருக்குத் திரும்பினேன். தை முடிந்தது. நிலத்துக்காரர் பங்குனி வரை பொறுத்தார். அவரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? அரக்கோணத்து ஆள் ஒருவர் முழுப் பணத்தோடு வந்து நின்றார், நிலம் அவருக்குப் போய்விட்டது. அச்சாரமும் போயிற்று. இதை அக்கா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். புது நிலத்துக்காரர் மோட்டார் போட்டுவிட்டார், உங்க பாவா அங்கேதான் நாற்று நடவுக்கு வரப்பை ஒட்டி அண்டை வெட்டப் போய்க்கினு இருக்காரு, கூலி கரெக்டா கொடுக்கிறார்களாம் என்று கடைசியில் இரண்டு வரி. அந்தக் கடிதத்தைக் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு படித்தேன். வேறு எங்கேயும் படிக்க முடியவில்லை.

பங்கு நடுவில் கொஞ்சம் எழுந்தது, மறுபடியும் விழுந்தது. தொண்ணூற்றெட்டில் புரட்டாசி வாக்கில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது என்கிற நிலைமை. அப்போதுதான் பாவாவிடமிருந்து போன் வந்தது. மழைக்காலம், கூலி வேலை இல்லை, அக்காவின் பெண் குழந்தைக்கு வேறு காய்ச்சல்.

"இன்னா வருதோ அத்த அனுப்பிடு மச்சான். கொஞ்சமானாலும் பரவால்ல. எனுக்கு அது அங்க கெடக்கறதுல தூக்கமே வரல."

பின்னாலிருந்து அக்கா கத்துவது கேட்டது. "சாமி வெச்சிருன்னு சொல்லிச்சி, இவுரு விக்க சொல்றாரு! தம்பி, விக்காத!" பாவா போனை விடவில்லை. "வித்துடு" என்று மறுபடியும் சொன்னார்.

விற்று அனுப்பினேன். அவர் பங்கை மட்டும். எனக்கென்று வாங்கியதை விற்கவில்லை. அது கொஞ்சம்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தப் பங்குகள் ஏறிய ஏற்றம் சொல்லி மாளாது. தரகரே எனக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். நான் இப்போது குடியிருக்கும் இந்த மாடி வீடு அந்தக் கொஞ்சத்திலிருந்து வந்ததுதான். பாவாவுக்கு ஒரு நிலம் வாங்கித் தருகிறேன் என்று போய்க் கேட்டேன். "வாணாம் மச்சான், உன் பணம் உனுக்கு" என்றுவிட்டார். பிற்பாடு அக்கா பெண்ணின் காலேஜ் செலவை மட்டும் ஏற்க விட்டார்கள்.

பங்கு ஏறியது எனக்குத் தண்டனையாக வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விழுந்தே கிடந்திருந்தால் நான் ஒரு முட்டாள், அவ்வளவோடு போயிருக்கும். ஏறிவிட்டதால் சாமி சொன்னது பலித்துவிட்டது. அக்காவுக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. வெள்ளைப் பூ வந்தது, வைத்திருந்தவன் வீடு கட்டினான், அவசரப்பட்டு விற்றவர் அண்டை வெட்டினார். இருபது வருடத்துக்கும் மேலாக இதை எத்தனை விதமாகச் சொல்லியிருப்பாள்! குழம்பில் உப்பு கூடினால்கூட அந்தப் பேச்சு எப்படியோ வந்துவிடும். சென்னைக்கு ரயிலில் போகும்போது மணவூர் தாண்டினால் ஜன்னல் பக்கம் கை நீட்டி, "தோ, இவுரு கைய வுட்ட நெலம். விக்காம இருந்திருந்தா இத மாதிரி நாலு வாங்கியிருக்கலாம்" என்பாள். அங்கே இப்போது மனை போட்டுக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். பாவா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள்கூட வாயைத் திறந்ததில்லை. பழி அவர் மேல் விழுவது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதுதான் உண்மை.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கூடவே பாவாவும். அவர்கள் பெண்ணுக்கு வேலை மாற வாய்ப்பு வந்திருக்கிறது, போகலாமா வேண்டாமா என்று பூ கட்டிப் பார்க்க வேண்டும்.

"உன் கையாலதான் கட்டணும். அன்னிக்கி நீ கட்டனது அப்படியே பலிச்சிது. இவுருதான் கேக்கல" என்றாள்.

பாவா சோபா ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டார். எழுபதைத் தொடுகிற மனுஷன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. அக்கா மேல் என்று நினைத்துத்தான் கத்தினேன்.

"ரெண்டும் வெள்ளைக்கா! ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன். சிவப்பே வெக்கல. சாமி ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு நின்றேன். அக்கா அழுவாள், திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன். 

"ஆங், அதனால இன்னா? ரெண்டையும் வெள்ளையா வைன்னு உன் மனசுல பூந்து சொன்னது யாரு? அவன்தான்டா. இல்லினா உனுக்கு அந்த தைரியம் எங்கேர்ந்து வரும்?" என்றாள். பேச்சு முடிந்தது என்பது போல எழுந்து, காபி போடச் சமையலறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருடம் சுமந்த குற்றத்தை ஒரு நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிட்டாள். எனக்கு நிம்மதி வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

பாவா தண்ணீர்ச் சொம்பை இன்னும் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"அவரு வெச்சிருன்னு சொன்னத நான் மீறிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன் மச்சான். அதான் இத்தினி வருஷமா மலை ஏறல."

 ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பமே மேலே போகும்போது அவர் மட்டும் கீழே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முழங்கால் வலி என்பார். நாங்கள் எல்லோரும் நம்பினோம். அக்கா ஒரு தைலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

காலைப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அதைச் செய்யாமல், வழக்கம் போல ஏற்பாடு செய்வதில் இறங்கினேன். மேலே வரைக்கும் கார் போகிறது, படியே ஏற வேண்டாம், நாளைக்கே நான் கூட்டிக்கொண்டு போகிறேன், ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மெல்லத் தலையாட்டினார்.

"இப்ப போயி அவர்கிட்ட இன்னான்னு சொல்றது மச்சான்?"